ஒரு விரக்கடை வலப்பக்கம்

பயப்படாதீங்க தம்பி, துப்பாக்கிதான். காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் மடக்கிக்கிடுங்க, கட்டை முட்டும். சுடாது. சுடுற நெலமையில இருந்தா இத நான் ஏன் பழைய வேட்டியில சுத்தி மடியில வச்சிக்கிட்டு திருநவேலிக்குக் கொண்டு போறேன்? உள்ள ஸ்பிரிங் ஒடிஞ்சி கெடக்கு. மனுசனச் சுடுற துப்பாக்கி இல்ல இது, பலூன் சுடுறது. கோயில் கொடைத் திருவிழாவுல பாத்திருப்பியள்லா, தட்டியில கலர் கலரா பலூன் கட்டி வச்சிருப்பாவ, ஒரு ஆளு மைக்கப் புடிச்சி தொண்டை கிழியக் கத்திக்கிட்டு நிப்பான். அந்த ஆளு நாந்தான். பேரு சிவனணைஞ்ச பெருமாள். பலூன் பெருமாள்னு சொன்னா திசையன்விளையிலேருந்து ஏரல் வரைக்கும் தெரியாத ஆளு கெடையாது. இப்பம் இன்னும் நல்லாவே தெரியும். எம் மவ அதே மைக்கப் புடிச்சி என்னைய அறிமுகப்படுத்தி வச்சிருக்காள்லா.

துரோகம்னா பங்காளி பண்ணுவான், கூட்டாளி பண்ணுவான். கேட்டிருக்கோம். பெத்த மவ பண்ணி நீங்க கேட்டதுண்டா? ஒத்தப் புள்ள தம்பி. முப்புடாதின்னு கொலதெய்வம் பேர வச்சி, தோள்லயே தூக்கித் திரிஞ்ச புள்ள. அவதான் என் முதுகுல குத்திட்டுப் போயிட்டா.

நீங்க என்ன படிச்சிருக்கிய? கம்ப்யூட்டரா. சரி, அப்பம் ஒங்ககிட்ட நியாயம் கேக்கலாம். கூட்டாம கொறைக்காம சொல்லுதேன். பஸ்சு திருநவேலி போய்ச் சேருறதுக்குள்ள நீங்களே ஒரு முடிவு சொல்லிருங்க.

மொதல்ல இந்தத் துப்பாக்கியத் தெரிஞ்சிக்கிடணும். இதுல ஒரு சூச்சுமமும் கெடையாது. குழலப் புடிச்சி மடக்குனா உள்ள இருக்க பெரிய ஸ்பிரிங் அமுங்கி ஒரு கொக்கியில மாட்டிக்கிடும். குண்டப் போட்டு, குழல நிமித்தி, குதிரைய, அதான் வெரல் வச்சி இழுக்குத விசைய, இழுத்தா ஸ்பிரிங் விட்டடிச்சி பிஸ்டனத் தள்ளும். பிஸ்டன் காத்தத் தள்ளும், காத்து குண்டத் தள்ளும். அவ்வளவுதான் சங்கதி. பிஸ்டன் தலையில ஒரு தோல் வாஷர் உண்டு. அது காஞ்சி போச்சின்னா காத்து பின்னால கசிஞ்சிரும், குண்டு தட்டி வரைக்கும் போவாம பாதியிலேயே விழும். அதனால தோலுக்கு எண்ணெய் காட்டணும், ஸ்பிரிங்குக்கு லேசா கிரீசு தடவணும், கட்டையில உள்ள ஸ்குருவெல்லாம் அப்பப்ப முடுக்கணும். ஒவ்வொரு சூட்டுக்கும் உதறும்லா, ஸ்குரு தானா கழண்டுக்கிட்டே வரும்.

இந்த வேலை பூராவும் முப்புடாதிதான். ஏழாங் கிளாஸ்லேருந்து அவதான். என்ன கோவம் இருந்தாலும் இருக்கத இருக்குன்னு சொல்லணும், அவ கை சுத்தம் எனக்கு வராது. தையல் மிஷின் எண்ணெய இங்க் பில்லர்ல உறிஞ்சி, ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுதான் விடுவா. கூட விழுந்துட்டா துணியத் திரிச்சி உள்ள விட்டு எடுத்துருவா. விட்டதும் துப்பாக்கிய வாய் மேல பாக்க சுவத்துல சாத்தி வச்சிருவா, எண்ணெய் எறங்கி தோல்ல ஊறணும்னு. ஸ்பிரிங்க அமுக்கின மேனிக்கு வச்சிட்டு நான் டீ குடிக்கப் போயிட்டேன்னா, "அது செத்துப் போவும்ப்பா"ன்னு பின்னாலயே ஓடி வருவா. குண்டு போடாம சும்மா இழுத்துப் பாக்க எவனையும் விட மாட்டா, பிஸ்டன் போயி முட்டி ஒடஞ்சிரும்னு. "ஏட்டி, கைப்புள்ளைக்கு மருந்து ஊத்துத மாரில்லா ஊத்துத"ன்னு நான் கேலி பண்ணுவேன். சிரிச்சிக்கிடுவா.

ஆனா குறி பாக்குத சைட்டு மட்டும் என் கை. அத யாரையும் தொட விடமாட்டேன். கொடைக்குப் பொறப்படுத அன்னைக்கு அஞ்சு துப்பாக்கியையும் உள்ரூம்புல வச்சி, கதவச் சாத்தி, சூடம் பொருத்தி, நான் மட்டும் தனியா இருந்து குறி பாப்பேன். வீட்டுல எல்லாரும் என்னமோ பூசைன்னு நெனச்சிக்கிட்டு இருந்தாவ. நெனைக்கட்டும்னு நானும் விட்டுட்டேன்.

ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? பின்னால உள்ள சைட்டுல பொடிசா ஒரு ஸ்குரு உண்டு. அத இடப்பக்கமா கொஞ்சம் திருப்பிட்டா, நீங்க நடுவுல குறி வச்சாலும் குண்டு இடப்பக்கம் ஒரு விரக்கடை, ஒரு வெரல் அகலம், தள்ளித்தான் போவும். பலூன எலுமிச்சங்கா அளவுக்குத்தான் ஊதிக் கட்டுவேன்லா, ஒட்டிக்கிட்டுப் போவும், ஆனா படாது. சுட்டவனுக்கு "ச்சே, இந்தா தப்பிச்சிட்டே"ன்னு இருக்கும். இன்னொரு தடவ சுடுவான்.

என்ன தம்பி, மொகம் அப்படிப் போவுது? இது ஏமாத்து இல்ல, தொழில். வாறவன் போறவன்லாம் எல்லாப் பலூனையும் ஒடைச்சிட்டு எவர்சில்வர் அண்டாவத் தூக்கிட்டுப் போனான்னா நான் எதுல கஞ்சி குடிக்க? கொடைக்கு வாறவன் மெடல் வாங்கவா வாறான்? ராட்டினம் சுத்துதான், அல்வா வாங்குதான், பலூன் சுடுதான். அவனுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்.

ஆனா ஒண்ணு. எல்லாருக்கும் தப்பிச்சிக்கிட்டே இருந்தா கூட்டம் நிக்காது. யாராவது ஒரு ஆளு அடிச்சிக் காட்டணும். அதுக்குத்தான் முப்புடாதி. சின்னதுல ரெட்டைச் சடை போட்டு, ஸ்டூல்ல ஏத்தி நிப்பாட்டிருவேன். டப்பு டப்புன்னு வரிசையா ஒடைப்பா. நான் மைக்குல, "பச்சப்புள்ள அடிக்காள்லாவே, ஒமக்கு என்ன? மீசை எதுக்கு வச்சிருக்கீரு?"ன்னு ஒரு சத்தம் குடுப்பேன். அவ்வளவுதான், ரோசப்பட்டு வந்து விழுவானுவ.

அப்பம் கோணத் துப்பாக்கிய வச்சி அவ எப்படி அடிச்சான்னு கேக்கிய. நல்ல கேள்வி. கம்ப்யூட்டர் படிச்ச மூளை. அவளுக்கு நான் ஒண்ணு சொல்லிக் குடுத்திருந்தேன். "ஒனக்குக் கண்ணுல ஒரு சாய்வு உண்டும்மா. பொறப்புலயே உள்ளது. அதனால நீ மட்டும் வலப்பக்கம் ஒரு விரக்கடை தள்ளிக் குறி வையி, அப்பம்தான் ஒனக்கு நேரா வரும்"னு. புள்ள அப்படியே புடிச்சிக்கிட்டா. வேற என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க? சின்னப்புள்ளைகிட்ட போயி தொழில் ரகசியத்தச் சொன்னா மறுநாள் பள்ளிக்கூடம் பூரா தெரிஞ்சிரும்லா. "எல்லாருக்கும் இடப்பக்கமே போவுதேப்பா?"ன்னு ஒருநாள் கேட்டா. "கூட்டத்துல தள்ளுமுள்ளு, கை நடுங்கும்"னேன். அதோட விட்டுட்டா. அப்பன் சொன்னா அவளுக்கு அதுதான். அப்படி ஒரு புள்ளையா இருந்தா தம்பி.

அதுல சில கூத்தெல்லாம் உண்டு. வாசல்ல கோலம் போட்டுட்டு அவ அம்மையக் கூப்பிட்டு, "நேரா இருக்காம்மா?"ன்னு கேப்பா. கேக்காம உள்ள வர மாட்டா. அவ அம்மை சம்முகக்கனியும், "இருக்குட்டி, இருக்குட்டி"ன்னு அடுப்படியிலேருந்தே சத்தம் குடுப்பா. ஸ்கூட்டர் ஓட்டப் படிக்கச் சொல்லி கூடப் படிச்ச புள்ளையெல்லாம் கூப்பிட்டுதுவ. "எனக்குக் கண்ணு சாய்வு, யார் மேலயாவது ஏத்திருவேன்"னு போவல. தையல் கிளாசுக்குப் போயி, வெட்டுத வேலைய மட்டும் அடுத்தவ கையில குடுத்துருவாளாம். நாங்க சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நான் ஒண்ணு சொன்னா அதுக்குள்ள இவ்வளவு தூரம் போவாள்னு யாருக்குத் தெரியும்?

சரி, விசயத்துக்கு வாறேன்.

போன தையில பொண்ணு பாக்க வந்தாவ. உடன்குடிப் பக்கத்து ஆளுவ. மாப்ள லிங்கதுரை, கருப்பட்டி யாவாரம், தங்கமான பையன். அவன் அப்பா தங்கப்பழம்தான் அந்த ஊரு அம்மன் கொடைக்குக் கமிட்டித் தலைவரு. வருசாவருசம் கோயில் வளைவுக்குப் பக்கத்துலயே எனக்கு எடம் ஒதுக்கித் தருவாரு. அவரே வந்து சுடுவாரு. வருசாவருசம் தோப்பாரு. "அடுத்த கொடைக்குப் பாத்துக்கிடுதேம்வே"ன்னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போவாரு. அந்த எடத்துல சம்பந்தம்னா சும்மாவா? எனக்குத் தரையில கால் பாவல.

கேசரி ஆச்சு, பஜ்ஜி ஆச்சு. பையனுக்கு இவளப் புடிச்சிப் போச்சு, மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சிது. இவளுக்கும் புடிச்சிருந்தது. தலையக் குனிஞ்சிக்கிட்டே ரெண்டு தடவ பாத்தா. பூ வைக்கப் போற நேரம், சம்முகக்கனி தட்ட எடுத்துட்டா, இவ எந்திரிச்சி நின்னு சொல்லுதா: "ஒரு நிமிசம் மாமா. பின்னால தெரிஞ்சி நீங்க வருத்தப்படக் கூடாது. எனக்குக் கண்ணுல பொறப்புலயே ஒரு சாய்வு உண்டு. நேரா இருக்கது எனக்கு நேராத் தெரியாது."

தங்கப்பழம் என் பக்கம் திரும்புனாரு. "என்னவே பெருமாள், உள்ளதா?"ன்னாரு.

இப்பம் என் நெலமைய யோசிச்சுப் பாருங்க. இல்லன்னு சொன்னா, பின்ன ஏன் புள்ள அப்படிச் சொல்லுதுன்னு கேப்பாரு. அதுக்குப் பதில் சொன்னா, வருசாவருசம் தோத்த மனுசன் முன்னால நான் எந்த மொகத்தோட உக்காந்திருப்பேன்? சம்பந்தமும் போவும், கொடையும் போவும். அதனால பதனமா, "சின்னதுலேருந்தே கொஞ்சம் உண்டு. மத்தபடி வீட்டு வேலைக்கு ஒண்ணும் கொறையில்ல"ன்னு சொன்னேன். எவ்வளவு பக்குவமாச் சொல்லிருக்கேன் பாத்தியளா? கொஞ்சம் உண்டுன்னுதான் சொன்னேன். நெறைய உண்டுன்னா சொன்னேன்?

காப்பியக் குடிச்சிட்டுப் போயிட்டாவ. "பொறக்குத புள்ளைகளுக்கும் வந்துட்டா என்ன செய்ய"ன்னு தரகர்கிட்ட சொல்லி விட்டாவளாம். முப்புடாதி அழல. கட்டின சேலைய மடிச்சி வச்சிட்டு, அன்னைக்கே துப்பாக்கிக்கு எண்ணெய் போட உக்காந்துட்டா. பொறுமையான புள்ளன்னு நெனச்சேன்.

அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல கண்ணு கேம்ப் போட்டாவ. கண்ணாடி போட்டா சரியாவுமான்னு கேக்கப் போயிருக்கா. டாக்டரம்மா எல்லா எழுத்தையும் வாசிக்கச் சொல்லி, லைட் அடிச்சிப் பாத்துட்டு, "ஒங் கண்ணுக்கு என்னம்மா? ராசாத்தி கண்ணுல்லா. யாரு சொன்னா சாய்வுன்னு?"ன்னு கேட்டாளாம். வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒண்ணும் கேக்கல. மர ஆசாரிகிட்ட, மரத்த இறுக்கிப் புடிக்கிற கிளாம்ப் ஒண்ணு இரவல் வாங்கிட்டு வந்தா. ஸ்பிரிங் கழத்துறதுக்கு அவ வழக்கமா வாங்குறதுதான். கிளாம்ப் போட்டு அமுக்கிப் பையத்தான் கழத்தணும், இல்லன்னா நெஞ்சுல வந்து அடிச்சிரும். நானும் அதுக்குத்தான்னு இருந்துட்டேன்.

இவ என்ன செஞ்சான்னா, பின்வாசல்ல பெஞ்சு மேல துப்பாக்கிய வச்சி, ஆடாம அசையாம கிளாம்ப்ல முடுக்கிட்டா. சைட்டு எந்த எடத்தக் காட்டுதோ அந்த எடத்துல சுவத்துல கரியால ஒரு பொட்டு வச்சா. பெறகு மொகத்தத் திருப்பிக்கிட்டு, ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டு, குதிரைய இழுத்தா. குண்டு பொட்டுக்கு இடப்பக்கம் போயி பதிஞ்சிது. இன்னொரு குண்டு போட்டா. அதே எடம். நான் வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். கண்ண மூடிக்கிட்டுல்லா சுடுதா!

கண்ணத் தொறந்து என்னையப் பாத்து, "அப்பா, துப்பாக்கிக்கும் கண்ணு சாய்வா?"ன்னு கேட்டா.

"தொழில் ரகசியம்ட்டி. ஒனக்கு வெவரம் தெரியாத வயசு, அதான் சொல்லல"ன்னேன்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் வெவரம் தெரியாத வயசாப்பா?"

சோறு ஆறுதுன்னேன். அவ விடல. "எனக்கு அந்த மாப்ள வேண்டாம். ஆனா நீங்க உடன்குடிக்குப் போயி, எம் மவ கண்ணுல ஒரு கொறையும் கெடையாது, நாந்தான் பொய் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. எனக்கு அது போதும்"னா. அதுதான் கேட்டா. வேற ஒண்ணும் கேக்கல.

வேற ஒண்ணு கேட்டிருந்தா செஞ்சிருப்பேன் தம்பி. நகை கேட்டிருந்தா கடன ஒடன வாங்கிப் போட்டிருப்பேன். ஸ்கூட்டர் கேட்டிருந்தா வாங்கிக் குடுத்திருப்பேன். இவ கேட்டது என் கழுத்த. நான் போயி அப்படிச் சொன்னா, அடுத்த கேள்வி என்ன வரும்? "ஏம்வே பொய் சொன்னீரு?" அங்கன போயி நிக்கும். "முடியாதுட்டி"ன்னுட்டேன். "சரிப்பா"ன்னா. அவ்வளவுதான். அந்த "சரிப்பா"வுக்குள்ள என்ன இருந்திச்சின்னு எனக்கு அப்பம் வெளங்கல.

மாசி பங்குனியெல்லாம் நல்லா இருந்தா. சோறு போடுவா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. சித்திரையில உடன்குடிக் கொடை. அதுக்கு முன்னால அஞ்சு துப்பாக்கியையும் பூராப் பிரிச்சிப் போட்டுட்டா. பழைய கிரீச மண்ணெண்ணெயில கழுவி எடுத்து, புதுசா மெல்லிசாத் தடவுனா. காஞ்ச வாஷரத் தூர எறிஞ்சிட்டு, புதுத் தோல் வெட்டி எண்ணெயில ஊறப் போட்டு மாட்டுனா. குழலுக்குள்ள துணி விட்டு ஈயக் கசடெல்லாம் எடுத்தா. சுட்டா அந்தப் பழைய டொய்ங்குங்கிற சத்தமே இல்ல, தப்புன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்குக் கண்ணு கலங்கிட்டு. எம் புள்ள மனசு ஆறிட்டான்னு சம்முகக்கனிகிட்ட சொன்னேன். முப்புடாதிக்குப் புடிக்குமேன்னு உடன்குடியிலேருந்து கருப்பட்டி மிட்டாய் வாங்கி வச்சேன்.

நான் வழக்கம்போல கதவச் சாத்தி, சூடம் பொருத்தி, சைட்டத் திருப்பி வச்சிட்டு, சவரம் பண்ணிக்கிட சலூனுக்குப் போனேன். அந்த நேரத்துலதான் அவ வேலையக் காட்டிருக்கா. அஞ்சையும் கிளாம்ப்ல போட்டு, சுட்டுச் சுட்டு நேராக்கிருக்கா. சைட்ட நேராக்கிட்டா தம்பி! அப்பன் திரும்பி வாறதுக்குள்ள. அந்த மிட்டாய வேற தின்னுக்கிட்டே செஞ்சிருக்கா, வெறும் காயிதம் கெடந்திச்சி.

சாயங்காலம் கொடை களைகட்டிட்டு. மொதல்ல ஒரு பையன் வந்து சுட்டான். டப்பு. சரி, குருட்டாம்போக்குல பட்டுட்டுன்னு நெனச்சேன். அடுத்த குண்டும் டப்பு. அடுத்தவன் வந்தான், டப்பு டப்பு. ஒரு பொம்பளை கைக்கொழந்தைய இடுப்புல வச்சிக்கிட்டே அடிக்கா. சோப்பு டப்பா போச்சு, டிபன் பாக்ஸ் போச்சு, கொடம் போச்சு. பலூன் ஊதி மாளல. எனக்குத் தலைகால் புரியல. காத்துத் திரும்பிட்டோன்னு வெரல நனைச்சித் தூக்கிக்கூடப் பாத்தேன். அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால சைட்டத் திருப்ப முடியுமா? மைக்க வச்சிக்கிட்டு மரம் மாரி நிக்கேன். முப்புடாதி குண்டு எடுத்துக் குடுத்துக்கிட்டு, தல நிமிராம இருக்கா.

தங்கப்பழம் வந்தாரு. மகனும் கூட வந்தான். மனுசன் சுட்ட குண்டு ஒண்ணுகூட வீணாப் போவல. அண்டா அவருக்குத்தான். தலைக்கு மேல தூக்கிக்கிட்டு ஒரு ஆட்டம் போட்டாரு பாருங்க. "இந்த வருசம்தான்வே அம்மன் எனக்குக் கண்ணத் தொறந்துருக்கா!"ன்னாரு.

அப்பம் முப்புடாதி என் கையிலேருந்து மைக்க வாங்குனா. புடுங்கல, நல்லபடியாத்தான் வாங்குனா. ரெண்டு தெருவுக்குக் கேக்குது. "ஒங்க கண்ணு எப்பவுமே நல்லாத்தான் இருந்திச்சி மாமா. துப்பாக்கிதான் கோணலா இருந்திச்சி, எங்கப்பா வச்சது. நான் நேராக்கிருக்கேன். எங் கண்ணுல சாய்வுன்னு அவுக சொன்னதும் பொய். எல்லாரும் கேட்டுக்கிடுங்க, எங் கண்ணு நேராத்தான் இருக்கு"ன்னா.

மானம் கப்பலேறிட்டு தம்பி. மேளக்காரன்கூட அடிக்கிறத நிப்பாட்டிட்டான். யாராவது ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட வாங்கிருப்பேன். ஒருத்தனும் கையத் தூக்கல. தங்கப்பழம் அண்டாவக் கீழ வச்சிட்டு, "தட்டியப் பிரியும்வே"ன்னு மட்டும் சொன்னாரு. எல்லா ஊரு கமிட்டிக்கும் தாக்கல் போயிட்டு, சேதி பரவிட்டு. இப்பம் எந்தக் கொடைக்குப் போனாலும், "வாரும்வே, கண்ணு சாய்வு"ங்கானுவ. என் தொழில்ல, என் சோத்துல மண்ணள்ளிப் போட்டவ யாரு? எண்ணெய் போடச் சொல்லிக் குடுத்து வளத்த எம் மவ. வயிறு எரியுது தம்பி. சொல்லுங்க, இது துரோகமா இல்லையா?

இருங்க, இப்பமே சொல்ல வேண்டாம். சரி, மீதியையும் கேளுங்க.

மறுநாளே பையத் தூக்கிட்டா. லிங்கதுரை வீட்டுல திரும்ப ஆள் விட்டாவ, கண்ணுதான் நல்லாருக்காமேன்னு. "கண்ணு நல்லாருக்குன்னதும் வாறவுக எனக்கு வேண்டாம்"னுட்டா. அதுலயும் ஒரு கோட்டித்தனம், கிறுக்குத்தனம் பாத்தியளா? திருநவேலியில ஏர் கன்னு வித்து ரிப்பேர் பாக்குற கடை ஒண்ணுல வேலைக்குச் சேந்துட்டா. ரைஃபிள் கிளப்பு புள்ளையெல்லாம் இவகிட்டதான் துப்பாக்கியக் குடுக்குமாம். ஸ்கூட்டர் ஓட்டுதாளாம். சம்முகக்கனிதான் போயிப் பாத்துட்டு வந்து, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லுதா. என்கிட்ட சொல்லல. என்கிட்டதான் அவ பேசுறதில்லையே. தட்ட வச்சிட்டுப் போயிருவா.

நான் போன வாரம், நம்மளத் தெரியாத ஊராப் பாத்து தட்டியப் போட்டேன். துப்பாக்கி ஒண்ணும் வேலைக்காவல, குண்டு கால்மாட்டுல விழுது. எண்ணெய் கொறஞ்சிட்டுன்னு, அவசரத்துக்கு தேங்காண்ணெயக் குழலுக்குள்ள ஊத்துனேன். கொஞ்சம் தாராளமாத்தான் ஊத்திட்டேன். இழுத்தேன் பாருங்க, வெடி மாரி ஒரு சத்தம். பொக அப்படியே கெளம்புது, அப்பளம் பொரிச்ச வாசன. பொம்பளைகள்லாம் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுதாவ. உள்ள ஸ்பிரிங் ரெண்டாப் போச்சு. அதான் கொண்டு போறேன். நான் அவளப் பாக்கப் போவல தம்பி, தப்பா நெனைக்காதீங்க. ஸ்பிரிங் வாங்கப் போறேன். இந்த ஸ்பிரிங் அந்தக் கடையிலதான் கெடைக்குமாம், நான் என்ன செய்ய?

என்ன, நிப்பாட்டிட்டான்? ரயில்வே கேட்டா. எஞ்சினையும் அமத்திட்டான். அப்பம் கொஞ்சம் நேரம் ஆவும்.

தம்பி, ஒரு ஒத்தாசை. ஒங்க போன்லேருந்து ஒரு கால் போட்டுத் தாறியளா? என் நம்பர்லேருந்து அடிச்சா எப்பவும் பிஸிங்குது. கடை தொறந்திருக்கான்னு கேக்கணும், வேற ஒண்ணும் இல்ல. இந்தா, இந்த நம்பருதான். மணி அடிக்கா? குடுங்க.

ஹலோ. ஆமா... துப்பாக்கிக் கடைதானே? தம்பி, எம் மவதான் எடுத்திருக்கா. ஹலோ, ஒரு ஸ்பிரிங் வேணும். பலூன் சுடுற துப்பாக்கிக்கு. ஆமா, ஒடஞ்சிட்டு... எண்ணெய் ஊத்துனேன். தேங்காண்ணெய்... கொஞ்சம் கூடத்தான். ம்... ம்... ஓ, உள்ள தீப்புடிக்குமா? சரி... வாஷரும் கருகிருக்குமா? சரி, அதையும் மாத்திருவோம்... தேங்காண்ணெய் கூடாது, சரி. ஒரு சொட்டு. சரி, ஒரு சொட்டுதான்... என்னது? பேரா? எடுத்து வைக்கவா? பேரு... வந்து... முருகேசன். ஆமா, முருகேசன்தான். ஊரு ஏரல் பக்கம்... ம். ஏம்மா... சாப்ட்டியாம்மா?

...

ஆங். சரி. சரி, வச்சிருதேன்.

இந்தாங்க தம்பி, போனு. ரொம்ப நன்றி.

எல்லாம் வெவரமாச் சொன்னா. எப்படி எண்ணெய் விடணும், விட்டுட்டு எப்படிச் சாத்தி வைக்கணும், எல்லாம் பொறுமையாச் சொன்னா. கடைக்கு வாற யாருக்கும் அப்படித்தான் சொல்லுவா போல. சாப்ட்டியாம்மான்னு கேட்டேன்லா? மூச்சு மட்டும் கேட்டுது. பெறகு, "கடை ஆறு மணி வரைக்கும் இருக்கும் அண்ணாச்சி, கிளாம்ப் போடாம நீங்களா ஸ்பிரிங்கக் கழத்திராதீங்க, நெஞ்சுல அடிச்சிரும்"னுட்டு வச்சிட்டா.

அண்ணாச்சிங்கா.

குரல் புடிபட்டிருக்காது, தம்பி. பஸ்சு எரைச்சல்லா. இந்த எரைச்சல்ல யாருக்கு யாரு குரல் தெரியும்?

என்ன தம்பி, அப்படிப் பாக்கிய? ஆமா. எஞ்சின் அமந்துதான் நிக்கு. ரயில்வே கேட்டு இன்னும் தொறக்கல.